சத்திரம் கட்டிய ராணி

1990-ஆம் ஆண்டுகளில் திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் போனவர்கள் ஒரு பெயரைத் தவறாமல் பார்த்திருப்பார்கள். அங்கு நின்ற அரசு பஸ்களில் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று எழுதி இருந்தது. அந்தக் கழகத்தின் தலைமை இடம் திண்டுக்கல்.

1997-ல் போக்குவரத்துக் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. மங்கம்மாளின் பெயரும் பஸ்ஸில் இருந்து மறைந்தது.

ஆனால் ஒரு கட்டிடத்தின் பெயர் மட்டும் மாறவில்லை. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் எங்கே என்று கேட்டால், உடனே கை காட்டுவார்கள். மங்கம்மாள் இறந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அவள் வென்ற போர்களை மக்கள் மறந்துவிட்டார்கள். அவள் கட்டிய சத்திரத்தை மறக்கவில்லை.

யார் இந்த மங்கம்மாள்? நாடு ஆண்ட ராணிக்குச் சத்திரம் கட்டும் எண்ணம் ஏன் வந்தது?

தளபதியின் மகள்

திண்டுக்கல், மதுரை, திருச்சி, நெல்லை எல்லாம் அப்போது ஒரே நாடு. மதுரை நாயக்கர்கள் அதை ஆண்டார்கள். திண்டுக்கல் மலை மேல் இன்றும் நிற்கும் கோட்டையை 1605-ல் கட்டத் தொடங்கியவர், முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர். அவருடைய மகன்தான் புகழ்பெற்ற திருமலை நாயக்கர்.

திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர். 1659-ல் பட்டத்துக்கு வந்தார். அவருடைய தளபதிகளில் ஒருவர் லிங்கம நாயக்கர். அந்தத் தளபதியின் மகள்தான் மங்கம்மாள். சொக்கநாதர் அவளை மணந்துகொண்டார்.

சொக்கநாதர் தலைநகரை மதுரையில் இருந்து திருச்சிக்கு மாற்றினார். 1673-ல் தஞ்சாவூரைப் போரிட்டுப் பிடித்தார். சில ஆண்டுகளிலேயே அதை மராத்தியரிடம் பறி கொடுத்தார். மேற்கே மைசூர்ப் படை நெருக்கியது. பணம் கரைந்தது. நாடு சுருங்கியது. மனம் உடைந்த சொக்கநாதர் 1682-ல் இறந்தார்.

மகனுக்காக வாழ்ந்தாள்

கணவன் இறந்தால் ராணியும் உடன்கட்டை ஏற வேண்டும் என்பது அன்றைய அரச குடும்பங்களின் வழக்கம். கணவனின் சிதையில் உயிரோடு எரிய வேண்டும். ஏறாதவளை ஊர் ஏளனமாகப் பார்க்கும்.

மங்கம்மாள் சிதை ஏறவில்லை. அவளுடைய மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பனுக்கு அப்போது இளம் வயது. தகப்பனும் இல்லாமல், தாயும் இல்லாமல் அந்தப் பிள்ளை எப்படி நாட்டை ஆளும்? ஊர்ப் பேச்சைவிட மகனின் எதிர்காலம் பெரிது என்று அவள் முடிவு செய்தாள். மகன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். தாய் பின்னால் நின்று யோசனை சொன்னாள்.

மகன் துணிச்சல்காரன். டில்லியில் இருந்து ஔரங்கசீப் சக்கரவர்த்தி தன் செருப்பு ஒன்றை யானை மேல் வைத்து ஊர் ஊராக அனுப்பினார் என்றும், மன்னர்கள் அதற்கு வணக்கம் செலுத்த வேண்டும் என்று கட்டளை இட்டார் என்றும் ஒரு கதை உண்டு. மற்ற மன்னர்கள் செருப்புக்குத் தலை வணங்கினார்கள். ரங்ககிருஷ்ணனோ அதை வாங்கித் தன் காலில் மாட்டிக்கொண்டான். இன்னொரு செருப்பு எங்கே என்றும் கேட்டானாம்!

இந்தக் கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்று மக்கள் நினைத்தார்கள் என்பதை அது காட்டுகிறது.

அந்த மகனும் நெடுநாள் வாழவில்லை. 1689-ல் அம்மை நோய் அவனைக் கொண்டுபோனது.

தொட்டிலில் ஒரு மன்னன்

மகன் இறந்தபோது மருமகள் சின்னமுத்தம்மாள் கர்ப்பிணி. அவளும் கணவனோடு சாகத் துடித்தாள். மங்கம்மாள் அவளைத் தடுத்துக் காப்பாற்றினாள். ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் பிள்ளை பெற்ற சில நாட்களில் மருமகளும் இறந்துபோனாள்.

கணவன் போனான். மகன் போனான். மருமகளும் போனாள். மிஞ்சியது, தொட்டிலில் கிடந்த ஒரு பச்சைக் குழந்தை.

குழந்தைக்கு விஜயரங்க சொக்கநாதன் என்று பெயர். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே அதற்குப் பட்டம் சூட்டினார்கள். பேரன் பெயரில் பாட்டி நாட்டை ஆளத் தொடங்கினாள். அந்த ஆட்சி 1689-ல் தொடங்கிச் சுமார் 16 ஆண்டுகள் நடந்தது.

ஒன்றை மறக்கக் கூடாது. சிம்மாசனம் மங்கம்மாளுடையது அல்ல. பேரன் வளரும் வரையில் அதைக் காத்துக் கொடுப்பதுதான் அவள் ஏற்றுக்கொண்ட வேலை. அவளுடைய பெருமையும் அதில்தான் இருந்தது. அவளுடைய துயரமும் அதில்தான் இருந்தது.

பணிய வேண்டிய இடத்தில் பணிந்தாள்

அப்போது மொகலாயப் படை தெற்கே வந்துவிட்டது. தளபதி சுல்பிகர்கான் செஞ்சிக் கோட்டையை முற்றுகை இட்டிருந்தான். அவனை எதிர்த்தால் நாடு நாசமாகும் என்று மங்கம்மாளுக்குத் தெரியும். மகன் செருப்பை மாட்டிக்கொண்டான் என்று கதை சொன்ன அதே நாட்டில், தாய் மொகலாயருக்குக் கப்பம் அனுப்பினாள். பலர் அதைக் கோழைத்தனம் என்று நினைத்திருக்கலாம். ஆனால் குடிமக்களின் வீடுகள் எரியவில்லை. வயல்கள் பாழாகவில்லை.

எதிர்க்க வேண்டிய இடத்தில் அவள் எதிர்க்கவும் செய்தாள். திருவாங்கூர் மன்னர் செலுத்த வேண்டிய கப்பத்தைச் செலுத்தவில்லை. 1697-ல் தளவாய் நரசப்பையாவின் தலைமையில் படை போனது. கப்பப் பாக்கியோடும் பீரங்கிகளோடும் திரும்பியது.

1700-ல் தஞ்சாவூரோடு சண்டை வந்தது. தஞ்சைப் படை எல்லை தாண்டி வந்து கொள்ளை அடித்தது. நரசப்பையா அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் குறைந்த இடமாகப் பார்த்து ஆற்றைக் கடந்து தஞ்சை நாட்டுக்குள் புகுந்துவிட்டார். சொந்த வீட்டைக் காக்கத் தஞ்சைப் படை பதறித் திரும்பியது. தோற்றது. தஞ்சை பணம் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

நேற்றுவரை பகைவராக இருந்த தஞ்சாவூரோடு மங்கம்மாள் நட்பு கொள்ளவும் தயங்கவில்லை. மைசூர் மன்னர் சிக்கதேவராயர் காவிரியின் குறுக்கே அணை கட்டினார். கீழே தண்ணீர் குறைந்தது. திருச்சி உழவனும் தஞ்சை உழவனும் ஒரே துன்பத்தை அனுபவித்தார்கள். இரண்டு அரசும் சேர்ந்து போருக்குப் புறப்பட ஆயத்தம் செய்தன. அதற்குள் பெருவெள்ளம் வந்து அணையை உடைத்துவிட்டது.

எல்லாப் போரிலும் அவள் வெல்லவில்லை. 1702-ல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி மீது படை அனுப்பினாள். அந்தப் போரில் நரசப்பையா மாண்டார். படை தோற்றது. ராமநாதபுரம் மதுரையின் கைக்கு வெளியே போய்விட்டது.

இடது கையில் வெற்றிலை

சத்திரம் கட்டும் எண்ணம் அவளுக்கு வந்தது பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு நாள் மங்கம்மாள் தாம்பூலம் போட்டுக்கொண்டு இருந்தாள். ஏதோ நினைவில், வெற்றிலையை இடது கையால் எடுத்து வாயில் வைத்துவிட்டாள். இடது கையால் உண்பது தகாது என்பது வழக்கம். ராணி பதறிப்போனாள். பிராயச்சித்தமாகச் சாலைகள் போட்டாள். சத்திரங்கள் கட்டினாள். இதுதான் கதை.

ஒரு வெற்றிலைக்காகவா இத்தனை சாலைகள்? இவ்வளவு கொடுத்த ராணி என்ன பெரிய தவறு செய்திருக்க முடியும் என்று கிராமத்து மக்கள் நினைத்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்த தவறு, இடது கையில் ஒரு வெற்றிலை. அவ்வளவுதான்!

உண்மையான காரணத்தை அறிய, அந்தக் காலத்து வழியை நினைத்துப் பார்த்தால் போதும்.

சோறு விற்காத காலம்

இன்று திண்டுக்கல்லில் இறங்கினால் பிரியாணிக் கடை, டீக்கடை, லாட்ஜ் எல்லாம் கண்ணில் படும். கையில் காசு இருந்தால் சோறும் கிடைக்கும், கட்டிலும் கிடைக்கும்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அப்படி இல்லை. சோற்றைக் காசுக்கு விற்பதைப் பாவமாக எண்ணிய காலம் அது. கையில் பொன் இருந்தாலும் வழியில் பட்டினி கிடக்க நேரும்.

திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குச் சுமார் 40 மைல். இன்று பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அன்று நடந்து போக இரண்டு நாள் ஆகும். சித்திரை வெயிலில் அந்தச் சமவெளியில் நடந்தவர்களுக்குத்தான் நிழலின் அருமை தெரியும். இருட்டினால் கள்ளர் பயம். மழை பெய்தால் ஒதுங்க இடம் இல்லை. தலையில் மூட்டை. இடுப்பில் குழந்தை. இப்படித்தான் குடும்பங்கள் பழனிக்கும் மதுரைக்கும் ராமேசுவரத்துக்கும் போயின.

அவர்களுக்குச் சத்திரம்தான் ஓட்டல். சத்திரம்தான் வீடு. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் போகும் வழியில் ஒட்டன்சத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே சத்திரம்! வழிப்போக்கனுக்குச் சத்திரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

சத்திரம் நடந்த விதம்

சத்திரம் என்றால் சுவரும் கூரையும் மட்டும் அல்ல. படுக்க நீண்ட திண்ணை வேண்டும். சமைக்க அடுக்களை வேண்டும். குளிக்கவும் குடிக்கவும் கிணறு வேண்டும். மாட்டைக் கட்ட இடம் வேண்டும்.

கட்டிடம் கட்டுவது எளிது. தினமும் உலை வைப்பதுதான் கடினம். அதற்காகச் சத்திரங்களுக்கு நிலங்களையும் கிராமங்களையும் எழுதி வைத்தார்கள். நிலத்தில் விளைந்த நெல் சத்திரத்துக்கு வரும். அதைக் கொண்டு சமையல்காரனுக்குக் கூலி, விளக்குக்கு எண்ணெய், வழிப்போக்கனுக்குச் சோறு. ராஜா மாறினாலும், நிலம் இருக்கும் வரையில் அடுப்பு எரியும்.

அந்தக் காலத்துச் சத்திரங்களில் குறையும் இருந்தது. சாதி பார்த்துப் பந்தி வைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே இலை கிடைக்கவில்லை. ஆனாலும் வழியில் தங்குவதற்கு அவற்றை விட்டால் வேறு கதி இல்லை.

மங்கம்மாள் சாலைகளைச் செப்பனிட்டாள். இரு பக்கமும் நிழல் மரங்கள் வைத்தாள். கிணறுகள் வெட்டினாள். தண்ணீர்ப் பந்தல் அமைத்தாள். மதுரையில் இருந்து கன்னியாகுமரி செல்லும் வழியில் பழைய சாலைக்கு மங்கம்மாள் சாலை என்றே பெயர் நிலைத்தது. திருச்சியில் உழவர்களுக்காக உய்யக்கொண்டான் வாய்க்காலைப் பழுது பார்த்தாள்.

பிற மதத்தார்க்கும் அவள் கை நீண்டது. திருச்சியில் முஸ்லிம்களின் தர்காவுக்கு 1701-ல் நிலம் கொடுத்தாள். 1693-ல் ராமநாதபுரம் நாட்டில் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ என்ற கிறிஸ்துவப் பாதிரியார் கொல்லப்பட்டார். அதே நாட்டில் சிறைப்பட்டிருந்த இன்னொரு பாதிரியாரை, மங்கம்மாள் சொல்லி அனுப்பி விடுவித்தாள்.

விடாத கை

பேரன் வளர்ந்தான். பதினைந்து வயதைத் தாண்டினான். பாட்டி பொறுப்பை ஒப்படைக்கும் நாள் வந்தது.

மங்கம்மாள் ஒப்படைக்கவில்லை.

ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பேரனுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று எண்ணினாளோ? கணவன் இழந்ததை, மகன் விட்டுப் போனதைத் தான் ஒருத்தியே கட்டிக் காத்தோம் என்ற நினைப்போ? 16 ஆண்டுகள் ஆண்ட கை செங்கோலை விட மறுத்ததோ?

அரண்மனையில் இரண்டு கட்சி ஏற்பட்டது. அச்சையா என்ற மந்திரி மீது ராணி அதிக நம்பிக்கை வைத்தாள். அதைப் பலர் பலவிதமாகப் பேசினார்கள். பேரனின் பக்கம் சேர்ந்தவர்களின் கை ஓங்கியது. படையும் அவர்கள் பக்கம் போனது. தொட்டிலில் இருந்தபோது யாருக்கு முடி சூட்டினாளோ, அவன் பெயராலேயே அவளைச் சிறையில் அடைத்தார்கள். 1704-க்கும் 1706-க்கும் இடையே அவள் இறந்தாள்.

அவள் எப்படி இறந்தாள் என்பது பற்றிச் செவிவழியாக ஒரு கதை வருகிறது. சிறைக் கம்பிக்கு வெளியே சோறு வைப்பார்களாம். மணம் வரும். கண்ணுக்குத் தெரியும். கைக்கு எட்டாது. அப்படியே பட்டினி கிடந்து அவள் மாண்டாள் என்பார்கள்.

நடந்தது இதுதான் என்று சரித்திரம் உறுதி சொல்லவில்லை. ஆனால் மக்கள் இந்தக் கதையை முந்நூறு ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வழியில் போகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டவள், தன் வீட்டில் ஒரு கவளம் கிடைக்காமல் செத்தாள் என்றால், யார் மனம்தான் கலங்காது?

திண்டுக்கல் சமவெளியில் முடிந்த கதை

பேரன் விஜயரங்க சொக்கநாதன் 1732 வரையில் ஆண்டான். பக்தி மிகுந்தவன். ஆட்சியில் அவ்வளவு கவனம் இல்லை. அவனுக்குப் பிள்ளை இல்லை. அவன் இறந்த பிறகு மனைவி மீனாட்சி அரசைக் கையில் எடுத்தாள். மீண்டும் ஒரு ராணி, மீண்டும் இரண்டு கட்சி.

பங்காளிச் சண்டையில் சந்தா சாகிப் உள்ளே புகுந்தான். மீனாட்சிக்குத் துணை நிற்பதாகச் சத்தியம் செய்தான். 1736-ல் திண்டுக்கல்லுக்கு அடுத்த அம்மையநாயக்கனூர் வெளியில் போர் நடந்தது. எதிர்க் கட்சியான வங்காரு திருமலையின் படை தோற்று ஓடியது. திண்டுக்கல்லும் மதுரையும் சந்தா சாகிப்பின் கைக்குப் போயின. பிறகு அவன் மீனாட்சியையே சிறை வைத்தான். அவள் விஷம் குடித்து மாண்டாள். மங்கம்மாள் பதினாறு ஆண்டுகள் காத்து வைத்த அரசு, அவள் இறந்து சுமார் 30 ஆண்டுகளில் இல்லாமல் போனது.

எது நிலைத்தது?

1875-ல் திருச்சியில் இருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது. இரண்டு நாள் நடந்த வழியை மக்கள் சில மணி நேரத்தில் கடந்தார்கள். வழிச் சத்திரங்கள் பலவற்றில் ஆள் குறைந்தது. ஆனால் மதுரையில் மங்கம்மாள் சத்திரத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம் அமைந்துவிட்டது. முன்பு கால் வலிக்க நடந்து வந்தவர்கள் தேடிய சத்திரத்தை, பிறகு ரயிலில் இறங்கியவர்கள் தேடினார்கள்.

மதுரையில் அவள் கோடைக்குத் தங்கிய தமுக்கம் மாளிகை, இன்று காந்தி நினைவு அருங்காட்சியகம். 1959-ல் பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தார். அவள் தர்பார் நடத்திய திருச்சி மண்டபம், அரசு அருங்காட்சியகம் ஆனது. மீனாட்சி அம்மன் கோவில் ஊஞ்சல் மண்டபத்து ஓவியத்தில் அவள் உருவம் இருக்கிறது. இவற்றை எல்லாம் நாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

சத்திரம் அப்படி அல்ல. அது பார்ப்பதற்காகக் கட்டியது அல்ல. யாரோ ஒரு முகம் தெரியாத தாய், முகம் தெரியாத பிள்ளையோடு வந்து படுத்து எழுந்து போவதற்காகக் கட்டியது.

மங்கம்மாள் செங்கோலை விடாமல் பிடித்தாள். அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழிப்போக்கனுக்குக் கொடுத்ததை மட்டும் யாராலும் பிடுங்க முடியவில்லை. அந்தக் கொடைதான் இன்றும் மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.